ஜாமிஆவை மூட விடாத ஹகீம்

யூனானியைப் 'பாட்டி வைத்தியம்' என்று ஒதுக்கும் நண்பர்களிடம் நான் வழமையாகச் சொல்லும் பெயர் ஹகீம் அஜ்மல் கான். ஆனால் என்னை அதிகம் ஈர்த்தது அவரது வைத்தியமல்ல. ஒரு பல்கலைக்கழகத்தை அவர் காப்பாற்றிய விதம்.

முகலாய அரசவை வைத்தியர்களின் பரம்பரையில், 1868இல் டில்லியில் பிறந்தவர். ராம்பூர் நவாபின் தலைமை வைத்தியராகவும் இருந்தார். டில்லியில் தேடிவரும் நோயாளிகளிடம் கட்டணம் வாங்குவதில்லை என்பது குடும்ப வழக்கம். கரோல் பாக்கில் அவர் நிறுவிய திப்பிய்யா கல்லூரியில் யூனானியுடன் ஆயுர்வேதமும் கற்பிக்கப்பட்டது. 1921 பெப்ரவரியில் அதைத் திறந்து வைத்தவர் காந்தி.

1920இல் கிலாபத், ஒத்துழையாமை இயக்கங்கள் கொதித்தெழுந்தபோது, ஆங்கிலேயர் வழங்கிய 'ஹாஸிகுல் முல்க்' பட்டத்தைத் திருப்பிக் கொடுத்தார். அவ்வாண்டு ஒக்டோபர் 29இல், அரசு உதவிபெறும் அலிகார் கல்லூரியைப் புறக்கணித்து வெளியேறிய மாணவர்களுக்காக ஜாமிஆ மில்லிய்யா இஸ்லாமிய்யா அங்கேயே உருவானது. முதல் வேந்தர் அஜ்மல் கான். முதல் உபவேந்தர் மௌலானா முஹம்மத் அலி. அடுத்த ஆண்டு சி.ஆர். தாஸ் சிறையிலிருந்ததால், அஹமதாபாத் காங்கிரஸ் மாநாட்டுக்கும் ஹகீமே தலைமை தாங்கினார்.

பிறகு எல்லாம் சரிந்தது. 1922இல் சௌரி சௌரா சம்பவத்தையடுத்து காந்தி போராட்டத்தை நிறுத்தினார். 1924 மார்ச்சில் துருக்கியே கிலாபத்தை ஒழித்துவிட்டது. கிலாபத் குழுவின் பணத்தில் இயங்கிய ஜாமிஆவுக்கு வருமானம் நின்றது. இயக்கமே இல்லாதபோது அதன் பல்கலைக்கழகம் எதற்கு? மூடிவிடலாம் என்றோர் பலர். நியாயமான கேள்விதான்.

ஹகீம் இணங்கவில்லை. 1925இல் ஜாமிஆவை டில்லிக்கு, தன் திப்பிய்யா கல்லூரி இருந்த அதே கரோல் பாக்கிற்குக் கொண்டுவந்தார். செலவில் பெரும்பகுதி அவரது சொந்தப் பையிலிருந்தே போனது. ஜாமிஆவுக்காகப் பிச்சை எடுக்கவும் தயார் என்று காந்தி அவருக்குத் தைரியமூட்டியதாகச் சொல்வார்கள். அவர் வகித்த அரசியல் பதவிகள் எல்லாவற்றையும் விட இந்த இரண்டு மூன்று வருடங்களே பெரியவை என்பேன். 1926இல் ஜெர்மனியிலிருந்து திரும்பிய ஸாகிர் ஹுசைன் உபவேந்தரானார். பின்னாளில் இந்திய ஜனாதிபதியானவர் அவர்தான்.

1927 டிசம்பர் 29இல் ஹகீம் காலமானார். அடுத்த வேந்தரும் ஒரு வைத்தியரே: டாக்டர் முக்தார் அஹ்மத் அன்சாரி.

திப்பிய்யா கல்லூரியின் ஆய்வுப் பணிக்கு ஹகீம் அழைத்துவந்த இரசாயனவியலாளர் ஸலீமுஸ்ஸமான் ஸித்தீக்கீ, பின்னர் சர்ப்பகந்தா வேரிலிருந்து ஒரு மருந்துப் பொருளைப் பிரித்தெடுத்து அதற்கு 'அஜ்மலின்' என்று பெயரிட்டார். இதயத் துடிப்புக் கோளாறு ஒன்றைக் கண்டறியும் பரிசோதனையில் அது இன்றும் பயன்படுகிறது.