தியானமும் சடங்காகலாம்: ஓசிடி சிகிச்சையில் மனக்கவனப் பயிற்சியின் இடம்

ஓசிடி எனப்படும் எண்ணச் சுழற்சி நோய்க்கு இன்றுள்ள முதன்மையான உளச்சிகிச்சையின் வேர் லண்டனில் இருக்கிறது. கழுவிக்கொண்டே இருந்த ஒரு நோயாளியை அவர் அஞ்சிய பொருள்களைத் தொடச் செய்து, பின்பு கழுவ விடாமல் தடுத்த அனுபவத்தை விக்டர் மேயர் 1966இல் வெளியிட்டார். எதிர்கொள்ளல் சிகிச்சை அதிலிருந்து வளர்ந்தது. பலன் மிக்கதுதான், ஆனால் அச்சம் தாளாமல் மறுப்பவர்களும் பாதியில் விலகுபவர்களும் உண்டு. மனத்தில் எழுவதை மாற்ற முயலாமல் கவனிக்கப் பழக்கும் மனக்கவனப் பயிற்சி இவர்களுக்கான மென்மையான மாற்றுவழியாக முன்வைக்கப்படுகிறது. அது மாற்றுவழி அன்று, எதிர்கொள்ளலுக்குள் வைக்கப்பட வேண்டிய துணை என்பதே என் வாதம்.

ஜாக் ராக்மனும் இலங்கையில் பிறந்த பத்மல் டி சில்வாவும் 1978இல் காட்டிய உண்மை இங்கே அடிப்படையானது: நோயற்றவர்கள் மனத்திலும் இதே அருவருப்பான, அச்சமூட்டும் எண்ணங்கள் வந்துபோகின்றன. ஆகவே நோயை வளர்ப்பது எண்ணத்தின் உள்ளடக்கம் மட்டுமல்ல. அதற்கு நாம் ஏற்றும் பொருளும் அதைத் தீர்க்கச் செய்யும் செயலும், அதாவது சடங்கும்தான். எண்ணத்தை வரவிட்டு, அதற்காக எதையும் செய்யாதிருக்கப் பழக்கும் பயிற்சி இவ்விளக்கத்தோடு நன்றாகவே பொருந்துகிறது.

சிக்கல் நடைமுறையில் எழுகிறது. டி சில்வா பௌத்த உளவியலையும் ஆழ்ந்து கற்றவர். வேண்டாத எண்ணங்களை அடக்க மஜ்ஜிம நிகாயத்தின் விதக்கசண்டான சுத்தம் கூறும் ஐந்து வழிகளை நடத்தைச் சிகிச்சை உத்திகளோடு ஒப்பிட்டார். அருமையான ஒப்பீடு. ஆனால் அவ்வழிகளில் ஒன்று தீய எண்ணத்தின் இடத்தில் நல்லெண்ணத்தை வைப்பது. இன்னொன்று பல்லைக் கடித்து எண்ணத்தை நசுக்குவது. துறவிக்கு இவை உதவலாம். ‘குழந்தையைக் கத்தியால் குத்திவிடுவேனோ’ என்று நடுங்கும் தாய்க்கு இவையே நோயின் தீனி. மனக்கவனமும் இப்படித் திரியலாம்: அந்த எண்ணம் எழும்போதெல்லாம் அது கலையும்வரை அவள் மூச்சைக் கவனித்தால், அந்த மூச்சும் கை கழுவுதலைப் போன்ற சடங்கே. வெளியில் தெரியாததால் சிகிச்சையாளரும் அதைத் தவறவிடுவார். முன்னேற்றம் என்றே குறித்துக்கொள்வார். எனக்குப் பெருங்கவலை தருவது இதுதான்.

ஆய்வுச் சான்றுகளும் நிதானத்தையே கோருகின்றன. நடத்தைச் சிகிச்சைக்குப் பின்னும் அறிகுறிகள் மீந்திருந்த 125 பேரிடம் ஜெர்மனியில் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், மனக்கவன அறிதல் சிகிச்சை பெற்றவர்கள் தாமே அளித்த மதிப்பீட்டில் அதிகம் தேறினர். மருத்துவ மதிப்பீட்டிலோ நோய்விளக்கக் கல்வி பெற்ற குழுவோடு வேறுபாடு தெரியவில்லை. ஆறு மாதத்தில் தன்மதிப்பீட்டு வேறுபாடும் மறைந்தது. பெங்களூரு நிம்ஹான்ஸ் ஆய்வில் மன அழுத்த மேலாண்மைப் பயிற்சியைவிட மனக்கவன அறிதல் சிகிச்சை தெளிவாக மேம்பட்டிருந்தது. ஆயினும் இவ்விரண்டும் எதிர்கொள்ளல் சிகிச்சையோடு நேருக்கு நேர் வைத்துப் பார்த்தவை அல்ல. மாற்றுவழி என்று சொல்ல இவை போதா.

எனவே பயிற்சி முடிந்ததும் ‘மனம் அமைதியானதா?’ என்று கேட்பதைச் சிகிச்சையாளர்கள் கைவிட வேண்டும். ‘எண்ணத்தைப் போக்க உள்ளுக்குள் ஏதாவது செய்தீர்களா?’ என்பதே கேட்க வேண்டிய கேள்வி. அந்தத் தாய் கண்மூடித் தனியே அமர வேண்டியதில்லை. குழந்தை அருகில் விளையாட, அவள் கத்தி பிடித்துக் காய் நறுக்கட்டும். பதற்றத்தை விரட்டாமல் கவனிக்கட்டும். ‘நான் அப்படிச் செய்யமாட்டேன்தானே?’ என்று கணவனிடம் கேட்காதிருக்கட்டும்.