கூரையின் வரலாறும் ஆற்றல் கணக்கும்: தென்னிந்திய வீட்டுக் கட்டுமானத்தில் மெட்ராஸ் டெரசு முதல் எக்கோ நிவாஸ் சம்ஹிதை வரை

ஆய்வுச் சுருக்கம்

ஒரு கட்டடம் இருவகையில் ஆற்றலைச் செலவிடுகிறது. கட்டுமானப் பொருள்களை உருவாக்கவும் கொண்டுவரவும் செலவாகும் ஆற்றல் ஒன்று. குடியிருப்போர் வாழும் காலத்தில் குளிர்விப்புக்கும் விளக்குக்கும் செலவாகும் ஆற்றல் மற்றொன்று. முன்னதை உள்ளுறை ஆற்றல் என்றும் பின்னதைப் பயன்பாட்டு ஆற்றல் என்றும் கட்டடவியலார் வழங்குவர். தென்னிந்திய வீடுகளின் கூரை ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டில் அடைந்த மாற்றங்களை இக்கட்டுரை இவ்விரு கணக்குகளின் வழியே ஆராய்கிறது. ஆற்றல் சிக்கனச் சட்டங்கள் பயன்பாட்டு ஆற்றலையே முதன்மையாக அளந்தமையால், பழைய வீட்டைப் புதுப்பித்துக் காத்தல் என்னும் செயல் கணக்கில் இடம்பெறாமல் போயிற்று என்பதே இக்கட்டுரையின் வாதம்.

திறவுச் சொற்கள்: மெட்ராஸ் டெரசு, சுண்ணாம்பு, உள்ளுறை ஆற்றல், வீடு புதுப்பித்தல், லாரி பேக்கர், எக்கோ நிவாஸ் சம்ஹிதை

முன்னுரை

வெப்ப மண்டலத்தில் ஒரு வீட்டுக்குள் புகும் வெயிலின் பெரும்பகுதி கூரை வழியாகவே வருகிறது. தாழ்வான வீடுகளில் சுவர்களுக்கு மரமும் அண்டை வீடும் தாழ்வாரமும் நிழல் தருகின்றன. கூரைக்கோ எந்த மறைப்பும் இல்லை. எனவே ஆற்றல் சிக்கனத்தின் வரலாற்றைக் கூரையிலிருந்து தொடங்குவது பொருத்தமுடையது. பழைய வீடுகளைப் புதுப்பிக்கும்போது முதலில் மாற்றப்படும் உறுப்பும் பெரும்பாலும் கூரையே ஆகும். இக்காரணங்களால் கூரை இக்கட்டுரையின் மையமாகக் கொள்ளப்படுகிறது.

1. மெட்ராஸ் டெரசின் அமைப்பு

பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் சென்னை, புதுச்சேரி முதலிய நகரங்களில் வசதி படைத்தோர் வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் இடப்பட்ட தட்டைக் கூரை மெட்ராஸ் டெரசு எனப் பெயர் பெற்றது. இந்தியத் தர நிர்ணய நிறுவனம் 1980-இல் வெளியிட்ட ஐ.எஸ். 2119 என்னும் நடைமுறை விதித்தொகுப்பும் இப்பெயரைத் தலைப்பிலேயே கொண்டுள்ளது.

இக்கூரையின் அமைப்பு அடுக்குகளால் ஆனது. சுவருக்குச் சுவர் தேக்குக் கட்டைகள் நெருக்கமாகப் பரப்பப்படும். அவற்றின் மேல் மெல்லிய சிறு செங்கற்கள் செங்குத்தாக, கட்டைகளுக்கு மூலைவாட்டாக, சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கப்படும். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம் இடப்பட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் தெளித்து, மரக்கட்டைகளால் பல நாள் அடித்து இறுக்கப்படும். எல்லாவற்றிற்கும் மேலே தட்டோடுகள் பதிக்கப்படும்.

இவ்வமைப்பில் இரண்டு பண்புகள் கருதத்தக்கன. முதலாவது, செங்கலும் சுண்ணாம்புத் தளமும் சேர்ந்த தடிப்பு வெப்பத்தை மெதுவாக ஏற்று மெதுவாகவே உள்ளே விடுகிறது. நண்பகல் வெயில் அறைக்குள் இறங்கப் பல மணி நேரம் ஆகிறது. இரண்டாவது, சுண்ணாம்புச் சாந்து சிமெண்ட்டைப் போலச் செங்கலை விடாமல் பற்றுவதில்லை. கூரையைப் பிரித்தால் கட்டைகளையும் செங்கற்களையும் பெரும்பாலும் முழுமையாக மீட்டு மறுபடியும் பயன்படுத்த இயலும்.

ஆயினும் இதனைக் குறையற்ற முறையெனப் போற்றுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. செங்கற் சூளையும் சுண்ணாம்புக் காளவாயும் எரிபொருளை விழுங்கின. தேக்கு காடுகளிலிருந்து வந்தது. சுவருக்குள் புதைந்த கட்டை முனைகள் ஈரத்தாலும் கறையானாலும் கெட்டன. மேலே இன்னொரு மாடி எழுப்பவும் இக்கூரை எளிதில் இடம் தருவதில்லை.

2. தொழிற்சாலைப் பொருள்களின் வரவு

கூரைப் பொருள்கள் தொழிற்சாலைக்கு மாறிய வரலாற்றில் முதற்படி ஓடு ஆகும். பாசல் மிஷன் 1865-இல் மங்களூரின் ஜெப்புவில் ஓட்டுத் தொழிற்சாலையை நிறுவியது. அங்கு உருவான, ஒன்றோடொன்று கொக்கியாகப் பொருந்தும் ஓடு மேற்குக் கடற்கரை முழுவதும் பரவி, தமிழகத்திலும் 'மங்களூர் ஓடு' என்ற பெயராலேயே வழங்கலாயிற்று. கை ஓட்டைவிட இது குறைந்த எண்ணிக்கையில் கூடுதல் பரப்பை மூடியது. தாங்கும் மரச்சட்டத்தின் சுமையும் குறைந்தது.

அடுத்த படி சிமெண்ட். சென்னையில் 1904-இல் கடற்சிப்பியைக் கொண்டு சிமெண்ட் செய்யும் முயற்சி நடந்து, நிலைபெறாமல் முடிந்தது. 1914-இல் போர்பந்தரில் உற்பத்தி தொடங்கிய பின்னரே இந்தியச் சிமெண்ட் தொழில் காலூன்றியது. திருநெல்வேலி அருகே தாழையூத்தில் 1949-இல் உற்பத்தி தொடங்கியபோது தென் தமிழகத்துக்கு அப்பொருள் அருகிலேயே கிடைக்கலாயிற்று. இதற்கிடையே 1942-இல் ஜப்பான் பர்மாவைக் கைப்பற்றியதால் பர்மாத் தேக்கின் வரத்து அறுபட்டிருந்தது. கூரையைத் தாங்கிய மரம் அரிதானதும் அதற்கு மாற்றான கம்பியும் சிமெண்ட்டும் பெருகியதும் ஒரே தலைமுறைக்குள் நிகழ்ந்தன. எனவே மெட்ராஸ் டெரசின் மறைவை மக்களின் விருப்ப மாற்றமாக மட்டும் கொள்ளாமல், பொருள் வரத்தில் ஏற்பட்ட மாற்றமாகவும் கொள்ள வேண்டும்.

3. எஞ்சிய மேலடுக்கு

பழைய கூரை ஒரே நாளில் மறைந்துவிடவில்லை என்பது கூர்ந்து நோக்கத்தக்கது. தேக்குக் கட்டையும் செங்கல் அடுக்கும் இருந்த இடத்தை ஆர்.சி.சி. தளம் பிடித்தது. ஆனால் அதன் மேலிருந்த செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புத் தளமும் தட்டோடும் பல பத்தாண்டுகள் தொடர்ந்தன. பொதுப்பணித் துறையின் கட்டடங்களிலும் தனியார் வீடுகளிலும் இவ்வடுக்கு இடப்பட்டது. நீர்க்கசிவைத் தடுப்பதற்கென்றே இது இடப்பட்டதாயினும், வெப்பத்தைத் தடுக்கும் வேலையையும் சேர்த்தே செய்தது. மெட்ராஸ் டெரசின் மேற்பாதி கான்கிரீட்டின் முதுகில் உயிர் வாழ்ந்தது எனலாம்.

கான்கிரீட் இயல்பாகவே வெப்பத்துக்கு உடந்தையான பொருள் என்ற கருத்தும் திருத்தத்துக்கு உரியது. புதுச்சேரியில் 1930களின் பிற்பகுதியில் ஆண்டனின் ரேமண்டின் வடிவமைப்பில் எழுந்த கோல்கொண்ட் விடுதி முழுவதும் கான்கிரீட்டால் ஆனது. ஆயினும் அதன் கூரைக்கு மேல் வளைந்த கான்கிரீட் ஓடுகள் காற்று புகும் இடைவெளியுடன் மற்றொரு கூரையாக அமைக்கப்பட்டன. சுவருக்குப் பதிலாகத் திறந்து மூடத்தக்க பலகணிகள் பொருத்தப்பட்டன. இயந்திரக் குளிரூட்டலின்றி வாழத்தக்க கட்டடமாக அது அமைந்தது. குளிர்ச்சியைத் தீர்மானிப்பது பொருளின் பெயரன்று, கூரையின் அடுக்கமைவே என்பதை இது காட்டுகிறது. சுண்ணாம்புத் தளம் கைவிடப்பட்டு, வேதிப் பூச்சு மட்டும் தடவிய தளம் வழக்கத்துக்கு வந்தபோதுதான் கான்கிரீட் வெயிலை நேரடியாக அறைக்குள் அனுப்பும் கூரையாயிற்று.

4. பொருளின் ஆற்றல் என்னும் கேள்வி

1970களில் சிமெண்ட் தட்டுப்பாடும் 1973-இன் எண்ணெய் நெருக்கடியும் கட்டுமானத்தைப் பற்றிய கேள்வியை மாற்றின. 'இக்கட்டடம் எவ்வளவு செலவில் எழுந்தது?' என்ற வினாவோடு, 'எவ்வளவு எரிபொருளில் எழுந்தது?' என்ற வினாவும் சேர்ந்தது. இத்திருப்பத்தில் இரு முயற்சிகள் முதன்மையானவை.

முதலாவது லாரி பேக்கரின் பணி. பர்மிங்காமில் 1917-இல் பிறந்து, 1945-இல் இந்தியா வந்து, பிற்காலத்தில் திருவனந்தபுரத்தில் தங்கிய இவர், பொருளியல் அறிஞர் கே.என். ராஜ் 1971-இல் நிறுவிய வளர்ச்சி ஆய்வு மையத்தின் வளாகத்தைக் கட்டினார். செங்கல்லை நிமிர்த்தி வைத்து நடுவே வெற்றிடம் விடும் எலிப்பொறிக் கட்டுச் சுவர் ஏறத்தாழ 25 விழுக்காடு செங்கல்லை மிச்சப்படுத்துவதோடு, அவ்வெற்றிடத்தால் வெப்பத்தையும் தடுத்தது. கான்கிரீட் தளத்தின் அடிப்பகுதியில் கான்கிரீட்டுக்கு வேலை குறைவு. அங்குப் பழைய மங்களூர் ஓடுகளைப் பொதிந்து சிமெண்ட்டையும் கம்பியையும் குறைத்தார். ஒரே உத்தியில் இருவகை ஆற்றலும் மிச்சமாயின. இடிந்த வீட்டின் ஓடு புதிய கூரையின் வயிற்றுக்குள் இடம்பெற்றது. இவருடைய முறைகளைப் பரப்ப 1985-இல் காஸ்ட்ஃபோர்டு அமைப்பு தொடங்கப்பட்டது.

இரண்டாவது, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் அமுல்ய குமார் ரெட்டியின் முன்முயற்சியால் 1974-இல் உருவான 'அஸ்த்ரா' மையம். அங்குச் சிறிதளவு சிமெண்ட் சேர்த்து அழுத்திச் செய்யும் மண் கற்கள் ஆராயப்பட்டன. அவ்வாய்வு மரபில் வந்த பி.வி. வெங்கடராம ரெட்டியும் கே.எஸ். ஜகதீஷும் 2003-இல் வெளியிட்ட கட்டுரை பேக்கர் கைவினையால் உணர்த்தியதை எண்களால் நிறுவியது. அதன்படி ஒரு சதுர மீட்டர் ஆர்.சி.சி. தளத்தின் உள்ளுறை ஆற்றல் 730 மெகாஜூல். மங்களூர் ஓட்டுக் கூரைக்கு 227 மெகாஜூல். கட்டடப் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்குப் பலமாடிக் கான்கிரீட் சட்டக் கட்டடம் 4.21 கிகாஜூலும், இருமாடிச் செங்கற் கட்டடம் 2.92 கிகாஜூலும், மண் கல்லால் ஆன இருமாடிக் கட்டடம் 1.61 கிகாஜூலும் கொள்கின்றன.

இக்கட்டுரையில் மரபுப் பற்றாளர் எளிதில் கடந்துவிடும் எண் ஒன்றும் உண்டு. ஒரு கிலோ சிமெண்ட்டின் உள்ளுறை ஆற்றல் 5.85 மெகாஜூல், சுண்ணாம்புக்கோ 5.63 மெகாஜூல். எடைக்கு எடை இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. எனவே சுண்ணாம்பின் சிறப்பை அதன் உற்பத்தியில் தேடுவது பிழை. சுட்ட செங்கல் தூளோடு சேரும்போது குறைந்த சுண்ணாம்பே போதுமானதாக இருப்பதிலும், கம்பியின் தேவை இல்லாததிலும், செங்கல்லை மீட்டெடுக்க இடம் தருவதிலுமே அதன் சிறப்பு அடங்கியுள்ளது.

5. சட்டத்தின் கணக்கு

சிமெண்ட்டின் விலைக் கட்டுப்பாடு 1982-இல் ஓரளவும் 1989-இல் முழுமையாகவும் நீக்கப்பட்டது. தட்டுப்பாடு தணிந்ததும் 1970களில் எழுந்த கேள்வியின் நெருக்கடியும் தளர்ந்தது. ஆற்றல் சிக்கனம் மீண்டும் அரசின் பொருளானபோது மின்சாரத்தின் பெயரால் வந்தது. ஆற்றல் சேமிப்புச் சட்டம் 2001-இல் இயற்றப்பட்டது. ஆற்றல் திறன் பணியகம் 2002-இல் அமைந்தது. வணிகக் கட்டடங்களுக்கான விதித்தொகுப்பு 2007-இல் வெளியாயிற்று.

குடியிருப்புகளுக்கான எக்கோ நிவாஸ் சம்ஹிதையின் முதற்பகுதி 2018 டிசம்பரில் வெளிவந்தது. கூரையின் வெப்ப ஊடுகடத்தல் சதுர மீட்டருக்கு, ஒரு கெல்வினுக்கு 1.2 வாட்டை மீறலாகாது என அது வரையறுத்தது. மேலடுக்கு இல்லாத ஆர்.சி.சி. தளத்தின் அளவு இதன் இருமடங்கையும் தாண்டும். அவ்வகையில் கைவிடப்பட்ட மேலடுக்கின் பயனைச் சட்டம் தன் மொழியில் மீட்டெடுத்தது எனக் கருதலாம்.

ஆயினும் இதற்கு இரு எல்லைகள் உண்டு. ஒன்று, 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளில் எழும் கட்டடங்களுக்கே இது வகுக்கப்பட்டது. தெருவோடு ஒட்டிய சிறு மனை வீடுகள் இதன் வெளியே நிற்கின்றன. மற்றொன்று, இம்முதற்பகுதி கட்டடத்தின் புறவுறை வழியே புகும் வெப்பத்தை அளக்கிறதே தவிர, அவ்வுறையை உருவாக்கச் செலவான ஆற்றலை அளப்பதில்லை. சட்டத்தின் 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் 'நிலைத்தகு கட்டடம்' என்னும் சொல்லைச் சேர்த்து இக்கணக்கை விரிப்பதற்கு வழி திறந்துள்ளது.

6. புதுப்பித்தலின் இடம்

மெட்ராஸ் டெரசு வீடு ஒன்றில் நான்கைந்து கட்டைகளின் முனை இற்றுவிட்டது எனக் கொள்வோம். உரிமையாளர் முன் இரு வழிகள் உள்ளன. கெட்ட கட்டைகளை மட்டும் மாற்றி அல்லது இரும்புத் தாங்கி கொடுத்துக் கூரையைக் காப்பது ஒன்று. முழுவதையும் இடித்து ஆர்.சி.சி. தளம் இடுவது மற்றொன்று. இரண்டாம் வழியில் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் புதிதாக ஆற்றல் செலவாகிறது. முன்பே செலவான ஆற்றலோ இடிபாடாகிறது. புதிய தளத்துக்குத் தக்க வெப்பத்தடுப்பு அமைத்துவிட்டால், பயன்பாட்டுக் கணக்கு மட்டும் அறிந்த அளவுகோல் அதனையும் ஆற்றல் சிக்கனம் என்றே மதிப்பிடும்.

இடிப்பைத் தேர்வோரை அறியாமை உடையோர் எனக் கொள்வதற்கில்லை. நகர மனையின் விலை கூடுதல் மாடியைக் கேட்கிறது. சுண்ணாம்பு வேலை அறிந்த கொத்தனார் அருகிவிட்டனர். அரைகுறைப் புதுப்பித்தலும் தீங்கு தருகிறது: சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமெண்ட் பூசினால் சுவரின் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கி, உப்புப் பூத்துச் செங்கல்லை அரிக்கிறது. அப்போது 'பழைய வீடு தாங்காது' என்ற முடிவுக்குப் பழைய வீடே சான்றாகக் காட்டப்படுகிறது. பிழை பழுதுபார்த்த முறையினுடையது. பழி கட்டடத்தின் மேல் விழுகிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன. தென்னிந்தியக் கூரையின் மாற்றம் தேக்கு, கம்பி, சிமெண்ட் ஆகியவற்றின் வரத்தால் உந்தப்பட்டது. ஆற்றல் பற்றிய எண்ணம் அதில் மிகப் பிற்பட்டே நுழைந்தது. மெட்ராஸ் டெரசு ஆர்.சி.சி.-யின் வருகையோடு முற்றிலும் அழியாமல், தன் மேலடுக்கால் நெடுங்காலம் அதனைக் காத்தது. பேக்கரும் அஸ்த்ரா மையத்தாரும் எழுப்பிய உள்ளுறை ஆற்றல் பற்றிய கேள்வி 2018-இன் விதித்தொகுப்பில் இடம்பெறவில்லை. அக்கேள்வி கணக்கில் சேரும்போது, நிற்கும் வீட்டைப் பழுதுபார்த்து நிறுத்துவதும் ஆற்றல் சிக்கனத்தின் ஒரு வடிவமாக ஏற்கப்படும். இற்றுப்போன கட்டைக்கு மாற்றுக் கட்டை பொருத்தும் தச்சரின் பணியும், சுண்ணாம்பை அரைத்துப் பதம் காணும் கொத்தனாரின் அறிவும் தொழில்நுட்ப வரலாற்றின் பகுதிகளாகப் பதிவு செய்யப்படுதல் வேண்டும். அவ்வறிவு உடையோர் வாழும் காலத்திலேயே அப்பணி நிறைவேறுதல் இன்றியமையாதது.