கழிவும் காவலும்: அணுசக்தி ஒழுங்குமுறையின் கதை

மலம் அள்ளுகிறவர் எங்கள் எல்லைக்குள் ஒருத்தர்கூட இல்லை என்று அதிகாரிகள் எழுதிக் கொடுத்த காகிதங்களை நம் இயக்கங்கள் நிறையப் பார்த்திருக்கின்றன. கையால் மலம் அள்ளுவதற்குத் தடை போட்ட சட்டம் 1993-இல் வந்தது. அதை மீறிய நகராட்சிகளும் ரயில்வேயும் அரசு. மீறலைக் கண்டுபிடிக்க வேண்டியதும் அரசு. ‘மீறலே இல்ல’ன்னு கோர்ட்டில் பிரமாணப் பத்திரம் போட்டதும் அரசு. சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் 2003-இல் உச்சநீதிமன்றம் போய், ஊர் ஊராக ஆதாரம் திரட்டி அந்தப் பொய்யை உடைத்தது. தீர்ப்பு வர 2014 மார்ச் ஆகிவிட்டது. செய்கிறவனே சோதிக்கிறவனாகவும் இருந்தால் என்ன நடக்கும் என்பதை நமக்கு யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. இந்த அனுபவத்தோடுதான் இந்திய அணுசக்தியின் பாதுகாப்பு வரலாற்றை நான் படிக்கிறேன்.

முதல் அணுசக்திச் சட்டம் 1948-இல் வந்தது. மசோதா விவாதத்தின்போது எஸ்.வி. கிருஷ்ணமூர்த்தி ராவ் எழுந்து, பிரிட்டனில்கூட ராணுவக் காரியத்துக்குத்தானே ரகசியம், இங்கே ஆராய்ச்சிக்கும் ஏன் ரகசியம் என்று கேட்டார். அமைதிக்கான பயன்பாட்டையும் போருக்கான பயன்பாட்டையும் பிரித்துப் பார்ப்பது கஷ்டம் என்பதே நேருவின் பதில். 1954-இல் அணுசக்தித் துறை தோன்றியபோது அது நேராகப் பிரதமரின் கைக்குள் போனது. 1962 சட்டம் ரகசியத்தை இன்னும் இறுக்கியது. அதன் 18-ஆவது பிரிவு, எந்தத் தகவல் வெளியே போகலாம், எது போகக் கூடாது என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை அரசிடமே விட்டது.

அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 1983 நவம்பர் 15 அன்று அமைந்தது. தாராப்பூர் அணு உலைகள் ஓடத் தொடங்கிப் பதினாலு வருஷம் கழித்துத்தான் கண்காணிக்க ஓர் அமைப்பு. அதுவும் நாடாளுமன்றம் தனியாகச் சட்டம் போட்டு உண்டாக்கியது அல்ல, ஓர் ஆணையின் மூலம் வந்தது. வாரியம் பதில் சொல்ல வேண்டியது அணுசக்திக் கமிஷனுக்கு. கமிஷனின் தலைவரே அணுசக்தித் துறையின் செயலாளர். உலை கட்டுகிறவர், ஓட்டுகிறவர், கழிவைப் பார்த்துக்கொள்கிறவர் எல்லாரும் அதே செயலாளருக்குக் கீழே. பண்ணையார் வீட்டுத் திண்ணையில், பண்ணையாரின் கணக்குப்பிள்ளையே உட்கார்ந்து கூலித் தகராறை விசாரிப்பது போலத்தான் இது.

இந்த அமைப்புக்குள் இருந்தே ஒருவர் உண்மையைப் பேசினார். ஏ. கோபாலகிருஷ்ணன் 1993 முதல் 1996 வரை வாரியத்தின் தலைவர். 1993 மார்ச் 31-இல் நரோரா உலையில் டர்பைன் பிளேடு உடைந்து தீப்பிடித்து, மின்சாரம் மொத்தமும் போய்விட்டது. 1994 மே மாதம், கட்டிக்கொண்டிருந்த கைகா உலையின் கான்கிரீட் கூரை பெயர்ந்து விழுந்தது. இதற்குப் பிறகு எல்லா நிலையங்களிலும் உள்ள குறைகளைத் தொகுத்து 1995-இல் வாரியம் ஓர் அறிக்கை செய்தது. அதில் இருந்தவை ஏறக்குறைய 130 குறைகள். அந்த அறிக்கையை மக்கள் பார்க்க வேண்டும் என்று மக்கள் சிவில் உரிமைக் கழகம் வழக்குப் போட்டது. மும்பை உயர்நீதிமன்றம் மறுத்தது. 2004 ஜனவரியில் உச்சநீதிமன்றமும் அரசின் ரகசிய உரிமையையே ஏற்றது. காவல்காரன் எழுதிய குறிப்பை, யாருக்காகக் காவலோ அவர்களே பார்க்கக் கூடாதாம்!

அடுத்தது 2000. பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கூடங்கள் எல்லாம் வாரியத்தின் கண்காணிப்பிலிருந்து விலக்கப்பட்டன. இனி மையத்தின் உள்குழுவே அவற்றைச் சோதிக்கும் என்று அணுசக்தித் துறை ஆணை போட்டது. கல்பாக்கத்தில் உள்ள மறுபதப்படுத்தும் ஆலையும் அப்போது இந்த மையத்தைச் சேர்ந்தது. உலையில் எரிந்த எரிபொருளைக் கரைத்துப் புளுட்டோனியம் எடுக்கிற இடம் அது. அங்கே மிஞ்சுகிற திரவம்தான் அணுக்கழிவிலேயே கொடியது.

2003 ஜனவரி 21. அந்த ஆலையின் கழிவுத் தொட்டிப் பகுதியில், கதிர்வீச்சு குறைந்த கழிவு என்று நினைத்து மாதிரி எடுக்கப் போனார்கள் தொழிலாளர்கள். வால்வு ஒன்று பழுதாகி, கடும் கதிர்வீச்சுள்ள கழிவு அந்தத் தொட்டிக்குள் வந்திருந்தது. அபாயத்தைச் சொல்ல அந்த இடத்தில் கதிர்வீச்சு மானி கிடையாது. மாதிரியைச் சோதித்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. ஆறு பேர் உடம்பில் 280 முதல் 420 மில்லிசீவர்ட் வரை ஏறிவிட்டது. ஒரு தொழிலாளிக்கு ஒரு வருஷத்துக்கு அனுமதித்த அளவே 30 மில்லிசீவர்ட்தான். ஒன்பது மடங்கு முதல் பதினாலு மடங்கு வரை ஒரே நாளில்!

ஆலையின் ஊழியர் சங்கம் பத்துக் கோரிக்கைகள் வைத்தது. முழுநேரப் பாதுகாப்பு அதிகாரி வேண்டும் என்பது அதில் ஒன்று. பதில் வராததால் வேலைநிறுத்தம் செய்தார்கள். நிர்வாகம் முக்கியமான ஆட்களை இடமாற்றம் செய்தது, மற்றவர்களை மிரட்டியது. சங்கம் பத்திரிகைகளிடம் போன பிறகே, ஆறு மாதம் கழித்து, நடந்ததை நிர்வாகம் ஒப்புக்கொண்டது. இதை நாம் மறக்கக் கூடாது. அந்த விபத்தை வெளியே கொண்டுவந்தது எந்த வாரியமும் இல்ல, தொழிலாளர் சங்கம்தான்.

வாரியத்தின் கைக்குள் இருந்தவையாவது ஒழுங்காக இருந்தனவா? 2010 தொடக்கத்தில் டெல்லிப் பல்கலைக்கழகம், பல வருஷமாகச் சும்மா கிடந்த கோபால்ட்-60 கருவி ஒன்றைப் பழைய சாமானோடு ஏலத்தில் தள்ளிவிட்டது. மாயாபுரியில் காயலான் கடைத் தொழிலாளிகள் அதை உடைத்தார்கள். உள்ளே இருப்பது என்னவென்று அவர்களுக்கு யார் சொன்னது? தோல் கருகி, முடி கொட்டி ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். ஏப்ரல் 26 அன்று ஒருவர் இறந்தார். படித்தவர்கள் கூடமாக இருந்தபோது அந்தப் பொருளுக்குப் பெயர் ‘விஞ்ஞானக் கருவி’. அதைக் கழிவாக்கி வெளியே தள்ளியதும் போய்ச் சேர்ந்த கைகள் யாருடையவை? சாதி என்பது வேலையைப் பிரிப்பது மட்டுமல்ல, வேலைக்காரர்களையே பிரித்து அடுக்குவது என்று 1936-இலேயே பாபாசாகேப் எழுதிவிட்டார்.

2012-இல் மத்தியத் தணிக்கைத் துறை வாரியத்தையே ஆராய்ந்தது. நாட்டில் இருந்த 57,443 எக்ஸ்ரே நிலையங்களில் பதிவு பெற்றவை 5,270 மட்டும். 1983-லேயே கேட்கப்பட்ட பாதுகாப்புக் கொள்கை இன்னும் எழுதப்படவில்லை. விதிமீறலுக்கு அபராதம் 500 ரூபாய். ஆயுள் முடிந்த உலையைக் கலைத்து, அதன் கழிவை என்ன செய்வது என்ற திட்டம் ஓர் அணுமின் நிலையத்திடமும் இல்லை. ஃபுகுஷிமாவுக்குப் பிறகு, 2011 செப்டம்பரில் சுதந்திரமான ஆணையத்துக்காக ஒரு மசோதா வந்தது. மூன்று வருஷம் கிடந்து, 2014-இல் மக்களவையோடு சேர்ந்து காலாவதியானது.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் ‘சாந்தி’ என்ற புதுச் சட்டத்தை நிறைவேற்றியது. 1962 சட்டத்தை நீக்கி, வாரியத்துக்கு முதல் முறையாகச் சட்ட அந்தஸ்து கொடுத்தது. அதே சட்டம் அணுசக்திக்குள் தனியார் முதலாளிகளுக்கும் கதவைத் திறந்தது. வாரியம் கேட்டு 42 வருஷம் கிடைக்காத அந்தஸ்து, முதலாளி உள்ளே வருகிற நாளில் கிடைத்திருக்கிறது. அந்தஸ்து வந்தது நல்லதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் 1993 சட்டம் நமக்குச் சொல்லிக் கொடுத்தது என்ன? காகிதத்தில் அதிகாரம் இருப்பது வேறு, மீறியவனைப் பிடிப்பது வேறு.

உள்ளே நடப்பதைக் கொஞ்சம் யோசிப்போம். கதிர்வீச்சுக்கு வரம்பு போடுவது ஆளுக்கு ஆள். ஒருத்தர் வரம்பை எட்டினால் அவரை வெளியே எடுத்து, அடுத்த ஆளை அனுப்புவார்கள். கதிர்வீச்சு அதிகமான அழுக்கு வேலை என்றால் அதிக உடம்புகள் வேண்டும். நிரந்தர ஊழியரின் கணக்கு ஆலையிலேயே இருக்கும். இந்த சைட்டில் மூணு மாசம், அந்த சைட்டில் ஆறு மாசம் என்று போகிற ஒப்பந்தக் கூலியின் உடம்பில் ஏறியதை யார் கூட்டிப் பார்ப்பது? வாரியத்தின் ஆண்டறிக்கைகள் கதிர்வீச்சு அளவை ஆலைவாரியாகத் தரும், சாதிவாரியாகத் தராது.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை இவை. ஒவ்வொரு ஒப்பந்தத் தொழிலாளியின் கதிர்வீச்சுக் கணக்கும் ஒரு புத்தகமாக அவர் கையிலேயே இருக்க வேண்டும், அவருக்குத் தெரிந்த மொழியில். சோதனை அறிக்கைகள் சுற்றுவட்டாரக் கிராமங்களின் ஊராட்சிகளுக்கு வர வேண்டும். பாதுகாப்பைப் பற்றிப் பேசிய தொழிலாளியை இடமாற்றம் செய்வது தண்டனைக்குரிய குற்றமாக வேண்டும். கழிவு வேலையில் யார் யார் நிறுத்தப்படுகிறார்கள் என்பதைச் சாதிவாரியாக எண்ணி வெளியிட வேண்டும். அரசு எண்ணாது என்றால், மலம் அள்ளுகிறவர்களை நம் ஆட்களே எண்ணியது போல, இதையும் வாசலில் நின்று நாமே எண்ணத் தொடங்கலாம்.