வாங்கிய ஒரே வாரத்தில் தங்கமீன் இறப்பது ஏன்? தொட்டியில் ஃபில்டர், செடி வைப்பது எப்படி?

ஞாயிற்றுக்கிழமை ஆசையாக வாங்கி வந்த தங்கமீன், அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் செத்து மிதக்கிறது. ‘கடைக்காரர் நோய் புடிச்ச மீனைக் கொடுத்துட்டார்’ என்று வீட்டில் பேச்சு. ஆனால் பல வீடுகளில் பிரச்னை தண்ணீரில்தான் இருக்கிறது.

சரியாகப் பராமரித்தால் தங்கமீன் 10 ஆண்டுகளுக்கு மேல் வாழும். பிரிட்டனில் 1956-ல் ஒரு பொருட்காட்சியில் பரிசாகக் கிடைத்த ‘டிஷ்’ என்ற தங்கமீன், 43 ஆண்டுகள் வாழ்ந்து கின்னஸ் புத்தகத்திலேயே இடம்பிடித்தது.

தண்ணீர் தெளிவாகத்தானே இருக்கு?

தங்கமீனுக்கு இரைப்பை கிடையாது. சாப்பிட்டது சீக்கிரமே கழிவாக வெளியேறும். செவுள் வழியாகவும் அம்மோனியா வெளியேறும். இது கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் பளிச்சென்று இருக்கும்போதே மீனின் செவுளை இது அரித்துவிடும். மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவது, அடியில் அசையாமல் கிடப்பது இதன் அறிகுறிகளாக இருக்கலாம்.

ஃபில்டரின் உண்மையான வேலை என்ன?

தூசியைப் பிடிப்பது ஃபில்டரின் பாதி வேலைதான். அதன் ஸ்பாஞ்சிலும் செராமிக் ரிங்கிலும் நல்ல பாக்டீரியாக்கள் குடியேறும். ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் விஷம்தான். இன்னொரு வகை அதை, அவ்வளவாகத் தீங்கு செய்யாத நைட்ரேட்டாக மாற்றும். இந்தக் கூட்டம் முழுதாக வளர 4 முதல் 6 வாரம் ஆகும். தொட்டி வாங்கிய அன்றே மீனையும் விட்டால் சிக்கல் வருவது இதனால்தான்.

எந்தத் தொட்டி, எந்த ஃபில்டர்?

உருண்டைக் கண்ணாடிக் கிண்ணம் வேண்டாம். நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் எத்தனை லிட்டர் என்று தெரிந்துவிடும். 2 அடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டி சுமார் 55 லிட்டர்தான். ஒரு தங்கமீனுக்கே 75 லிட்டர் இருந்தால் நல்லது.

மணிக்கு எத்தனை லிட்டர் இழுக்கும் என்று ஃபில்டர் பெட்டியில் போட்டிருப்பார்கள். அது தொட்டியின் கொள்ளளவைப் போல 5 முதல் 10 மடங்கு இருக்க வேண்டும். இதனுடன் ஏர் பம்பில் ஓடும் ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரும் இருந்தால் இன்னும் பாதுகாப்பு. கரன்ட் போனால் பேட்டரி ஏர் பம்ப் கைகொடுக்கும்.

ராத்திரி ஃபில்டரை ஆஃப் பண்ணலாமா?

கூடாது. ஆக்சிஜன் இல்லாமல் பாக்டீரியாக்கள் செத்துவிடும். கரன்ட் பில் பற்றிய கவலையும் வேண்டாம். 5 வாட் பம்ப் 24 மணி நேரமும் ஓடினாலும் மாதத்துக்கு 3.6 யூனிட்தான்.

மீன் செடியைத் தின்றுவிடாதா?

தின்னும், மணலைத் தோண்டி வேரோடு பிடுங்கியும் போடும். அதனால் மணலில் நடத் தேவையில்லாத, இலை கெட்டியான அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் நல்ல தேர்வு. இவற்றை நூலால் கல்லிலோ மரக்கட்டையிலோ கட்டினால் போதும். தடித்த கிழங்கு போன்ற தண்டை மணலில் புதைத்தால் அழுகிவிடும். இரண்டுக்குமே குறைந்த வெளிச்சம் போதும். தினமும் 6 முதல் 8 மணி நேரம் லைட் எரிந்தால் சரி. கூடினால் பாசிதான் பிடிக்கும்.

வீட்டில் இருக்கும் மணி பிளான்ட்டும் உதவும். தொட்டிக்கு மேலே வைக்கும் டாப் ஃபில்டர் பெட்டிக்குள் வேர் மட்டும் நனையும்படி வையுங்கள், நைட்ரேட்டை உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் நாலு செடி வைத்துவிட்டு ஃபில்டரே வேண்டாம் என்று நினைக்கக் கூடாது. இருட்டில் செடியும் ஆக்சிஜனைத்தான் எடுக்கும்.

எப்படித் தொடங்குவது?

* குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். ஆன்டி குளோரின் சொட்டு மருந்து கலந்த பிறகே பயன்படுத்துங்கள்.
* செடி, ஃபில்டர் வைத்து ஓட விடுங்கள். மீன் இல்லாவிட்டாலும் தினம் ஒரு சிட்டிகை தீனி போடுங்கள். அது அழுகி வரும் அம்மோனியாதான் பாக்டீரியாவுக்கு உணவு.
* நோயில்லாத பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம், ஓடிக்கொண்டிருக்கும் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு கேளுங்கள். காத்திருக்கும் காலம் நன்றாகக் குறையும்.
* டெஸ்ட் கிட்டில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம், நைட்ரேட் மட்டும் தெரிகிறது என்றால் மீன் விடலாம்.

ஏற்கெனவே மீனை விட்டாச்சா?

பயப்பட வேண்டாம். தினமும் கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள். தீனியைக் குறையுங்கள். அளவுகள் சரியான பிறகு வாரம் ஒருமுறை கால் பங்கு மாற்றினால் போதும்.

பலரும் செய்யும் பெரிய தப்பு

ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் வைத்து, சோப்புப் போட்டு வெள்ளை வெளேரென்று கழுவுவது. வாரக்கணக்கில் வளர்ந்த பாக்டீரியா அத்தனையும் அதோடு போய்விடும். தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே இரண்டு முறை பிழிந்துவிட்டு மாட்டுங்கள். ஸ்பாஞ்ச் பழுப்பாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். மீனைக் காப்பாற்றுவது அதில் குடியிருக்கும் பாக்டீரியாதான்.