சேமிப்பும் கல்வியும்



பணத்தைப் பேணும் வகையைப் போதித்தால் மக்கள் அவ்வாறே நடப்பார்களா? இவ்வினா இன்று நேற்றுத் தோன்றியதன்று. செயலால் இதற்கு விடை கூற முயன்றவர்களுள் ஒருவர் ஹென்றி டங்கன்.

ஸ்கொட்லாந்தில் ருத்வெல் என்னும் சிற்றூரின் குருவானவர் அவர். இளமையில் மூன்றாண்டுகள் லிவர்பூல் நகர வங்கியொன்றிற் பணிபுரிந்தவர். அக்காலத்து ஸ்கொட்லாந்து வங்கிகள் 10 பவுணுக்குக் குறைந்த வைப்பை ஏற்பதில்லை. பண்ணைக் கூலியாளுக்கு அஃது எட்டாத தொகை. சேமிக்குமாறு அவனுக்கு உபதேசித்தால் மட்டும் போதுமா? சேமிப்பதற்கு ஓர் இடமும் வேண்டுமன்றோ? ஆகவே, 1810ஆம் ஆண்டில் டங்கன் அவ்வூரிலேயே ஒரு சேமிப்பு வங்கியைத் தொடங்கினார். 6 பென்ஸ் கொண்டுவருபவரும் அங்கே பணம் இடலாம். பணப்பெட்டிக்கு மூன்று பூட்டுகள்; திறவுகோல் உடைய மூவரும் ஒருங்கு கூடினாலன்றி அது திறவாது. முதலாண்டிற் சேர்ந்த தொகை 151 பவுண்.

இத்தகைய வங்கிகள் பிற நாடுகளிலும் பரவின. நம் நாட்டில் 1832இல் இலங்கைச் சேமிப்பு வங்கியும், 1885இல் தபாற்கந்தோர்ச் சேமிப்பு வங்கியும் எழுந்தன. 1972இல் அவ்விரண்டும் தேசிய சேமிப்பு வங்கியுள் ஒன்றாயின.

இனி, ஆய்வாளர் கூறுவதைக் கேட்போம். முந்தைய 201 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய அறிஞர் மூவர், மக்களின் பண நடத்தையிற் காணப்படும் வேறுபாட்டில் 0.1 வீதமே நிதிக் கல்வியால் விளைந்தது என 2014இல் எழுதினர். கற்றது நாளடைவில் தேய்ந்துபோவதையும் அவர்கள் கண்டனர். ஆனால், 2022இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு நம்பிக்கை அளித்தது. 76 பரிசோதனைகளையும், 160,000க்கும் மேற்பட்ட மக்களையும் அது கருத்திற்கொண்டது. நிதிக் கல்வி அறிவையும் உயர்த்துகிறது, நடத்தையையும் திருத்துகிறது என்பது அதன் முடிவு. எனினும், அறிவு வளர்ந்த அளவிற்கு நடத்தை மாறவில்லை.

இந்த இடைவெளியைத்தான் டங்கனின் பெட்டி நமக்கு நினைவூட்டுகிறது. கற்பித்தல் வீணன்று, கற்றதைச் செய்வதற்கு வழியும் அருகில் இருத்தல் வேண்டும். வட்டிக் கணக்கைக் கரும்பலகையிற் படிக்கும் பிள்ளைக்குத் தன் பெயரில் ஒரு சேமிப்புப் புத்தகமும் இருக்கட்டும். சிறு தொகையேனும் அதிற் பதிவாகும் நாளில், படித்த பாடம் பழக்கமாகத் தொடங்கும். கடனுக்கும் அடகுக்கும் அஞ்சி வாழும் குடும்பத்திற்கு அப்பழக்கமே அரண்.