பகிர்ந்த அதிகாரம், கட்டுப்படாத அரியணை: மலாக்கா சுல்தானகத்தின் சட்ட மரபு

ஏறத்தாழ 1400இல் பரமேஸ்வரா நிறுவிய மலாக்கா, நூறாண்டுகளுக்குள் ஆசியாவின் பெருந்துறைமுகங்களுள் ஒன்றாயிற்று. உணவரிசிக்கே வெளியூர்க் கப்பல்களை நம்பியிருந்த ஊர் அது. வணிகர் வந்தால்தான் அரசு நிலைக்கும். வரியும் வழக்கும் தண்டனையும் முன்கூட்டியே தெரிந்தால்தான் வணிகர் வருவர். இத்தேவையே மலாக்காவின் சட்டங்களை வளர்த்தது. அதிகாரத்தைப் பதவிகளுக்குப் பகிர்ந்தது அவற்றின் வலிமை. அரியணையைக் கட்டுப்படுத்த வழி காணாதது அவற்றின் குறை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தொகுப்பின் உருவாக்கம்

44 பிரிவுகள் கொண்ட சட்டத் தொகுப்பான 'உண்டாங்-உண்டாங் மலாக்கா', 15ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆண்ட சுல்தான் முசாபர் ஷா காலத்தோடு பொதுவாக இணைக்கப்படுகிறது. ஆனால் அது ஒரே காலத்தில் எழுதப்பட்ட நூலன்று. லியாவ் யோக் ஃபாங் 1976இல் வெளியிட்ட ஆய்வுப் பதிப்பு, அதில் ஆறு பகுதிகள் இணைந்திருப்பதைக் காட்டியது. மையச் சட்டத்தோடு கடல் சட்டம், இஸ்லாமிய மணச் சட்டம், விற்பனைச் சட்டம் முதலியவை பின்னர் சேர்ந்தன. பல குற்றங்களுக்கு முதலில் நாட்டு வழக்கான 'ஆடாட்' விதிக்கும் தண்டனையைச் சொல்லி, பிறகு இறைச்சட்டத்தின் தீர்ப்பையும் சொல்வது இந்நூலின் நடை. பழைய மரபை அழிக்காமல் புதிய சமயத்தின் நெறியை அருகில் நிறுத்திய காலமாற்றம் இதில் பதிவாகியுள்ளது.

பதவிகளும் எல்லைகளும்

சுல்தானுக்கு அடுத்த நிலையில் முதலமைச்சரான பெண்டஹாரா இருந்தார். நகரக் காவல் தெமெங்கோங்கிடமும், கடற்படை லக்சமானாவிடமும், கருவூலம் பெங்ஹுலு பெண்டஹாரியிடமும் இருந்தன. துறைமுகத்தை நான்கு ஷாபந்தர்கள் நிர்வகித்தனர். அவர்களுள் ஒருவர் சோழமண்டலக் கரை, வங்காளம், பெகு, பாசாய் வணிகருக்குப் பொறுப்பானவர். மேற்கிலிருந்து வந்த கப்பல்கள் 6% சுங்கம் செலுத்தின. கிழக்கத்திய கப்பல்கள் அன்பளிப்பு மட்டும் அளித்தன என்று போர்த்துக்கீசியரான தோமே பிரெஸ் எழுதியுள்ளார்.

மன்னரைக் கேளாமல் மரண தண்டனை விதிக்கும் உரிமையைச் சட்டம் நால்வருக்கு அளித்தது. பெண்டஹாரா, தெமெங்கோங், ஷாபந்தர், கப்பல் தலைவனான நகோடா ஆகியோரே அவர்கள். ஒவ்வொருவரின் உரிமையும் அவரவர் இடத்தோடும் சூழலோடும் பிணைந்திருந்தது.

கடல் சட்டம் இதை மேலும் விரித்தது. கடலில் நகோடாவே அரசன். கப்பல் கரை சேர்ந்தால் முதல் நான்கு நாள் அவர் விற்கலாம். அடுத்த இரண்டு நாள், கப்பலில் சரக்கறை பெற்ற 'கிவி' வணிகர்களுக்கு உரியவை. அதன் பிறகே மற்றவர்கள் விற்கலாம். புயலில் சரக்கைக் கடலில் எறிய நேர்ந்தால், சரக்கு வைத்திருந்த அனைவரையும் கலந்து பேச வேண்டும். சிறு வணிகனின் உடைமைக்கும் மதிப்பளித்த விதி அது.

சட்டம் எட்டாத இடம்

மக்கள் துரோகம் செய்யக்கூடாது, மன்னர் மக்களை இழிவுபடுத்தக்கூடாது என்ற ஆதி உடன்படிக்கையை மலாய் அரச வரலாற்று நூலான 'செஜாரா மெலாயு' சொல்கிறது. இந்த அறம் மீறப்பட்டால் முறையிட மன்றம் ஏதும் இல்லை. இதன் விலையை 1510இல் மலாக்கா உணர்ந்தது. தமிழ் முஸ்லிம் வழிவந்தவரான பெண்டஹாரா துன் முதாஹிர் அரியணையைக் கைப்பற்றச் சதி செய்வதாகக் குற்றஞ்சாட்டப்பட்டார். சுல்தான் மஹ்மூத் ஷா விசாரணை இன்றி அவரைக் கொல்ல ஆணையிட்டார் என்கிறது 'செஜாரா மெலாயு'. மறுஆண்டு போர்த்துக்கீசியத் தளபதி அல்புகெர்க்கின் படை நகரைப் பிடித்தது. படைபலமே வெற்றியை முடிவு செய்தது என்றாலும், ஆளும் வர்க்கம் அப்போது உள்ளுக்குள் உடைந்திருந்தது.

முடிவுரை

நகரம் வீழ்ந்தாலும் சட்ட மரபு வீழவில்லை. மஹ்மூதின் மரபினர் ஜோகூரிலும் பேராக்கிலும் அரசமைத்தனர். பகாங்கில் சுல்தான் அப்துல் கபூர் காலத்தில் எழுந்த சட்டத் தொகுப்பு மலாக்கா நூலின் சாயலைக் கொண்டது. ஒரு மன்னரின் ஆணையாக மட்டும் இருந்திருந்தால் இச்சட்டம் அவரோடு மறைந்திருக்கும். பதவிகளிலும் வணிகர் பழக்கத்திலும் அது ஊன்றியிருந்ததால்தான் தலைநகரை இழந்த பின்னும் நிலைத்தது. மலாய் அரசியல் வரலாற்றை மன்னர் வரிசையாக மட்டும் கற்பிக்காமல், இந்தச் சட்ட நூல்களின் வழியாகவும் கற்பிக்க வேண்டும்.