வேலை நடக்கும் மண்ணின் சட்டம்

1936-ஆம் ஆண்டு ஜூன் மாதம் பிரான்ஸ் நாட்டுத் தொழிலாளர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேர வேலையும், ஊதியத்துடன் கூடிய இரண்டு வார விடுப்பும் சட்டமாயின. அடுத்த மாதமே, ஜூலை 30 அன்று, அதே பிரான்ஸின் ஆட்சியில் இருந்த புதுச்சேரியில், உரிமை கேட்டுப் போராடிய பஞ்சாலைத் தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச்சூடு நடத்தப்பட்டது; 12 பேர் உயிரிழந்தனர். வ.சுப்பையா முன்னின்று நடத்திய அந்தப் போராட்டத்தின் பயனாக, 1937 ஏப்ரலில் பிரெஞ்சிந்தியாவுக்கெனத் தனியாகத் தொழிலாளர் ஆணை பிறப்பிக்கப்பட்டது. எட்டு மணி நேர வேலைக்கும் தொழிற்சங்க உரிமைக்கும் அது வழிவகுத்தது.

முதலாளியின் நாட்டில் உள்ள சட்டம் தொழிலாளியின் ஊருக்குத் தானாக வந்து சேர்வதில்லை. வேலை நடக்கும் மண்ணில் உள்ள சட்டமே தொழிலாளிக்குக் காப்பு என்பதுதான் அந்த வரலாறு உணர்த்தும் பாடம்.

புதுச்சேரியின் பஞ்சாலைச் சங்கொலி இன்று ஓய்ந்துவிட்டது. ஆனால், அந்தப் பாடம் பழையதாகிவிடவில்லை. சாரத்தில் தன் வீட்டு மாடியறையில் அமர்ந்தபடியே, பாரீஸில் உள்ள நிறுவனத்துக்கு மென்பொருள் எழுதித் தரும் பட்டதாரிப் பெண் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். நேர்காணல், பணி உத்தரவு, ஊதியம் எல்லாமே இணையவழியில் நடந்துவிடுகின்றன. அவருக்குப் பிரசவ கால விடுப்பு உண்டா, திடீரென வேலை போனால் இழப்பீடு கிடைக்குமா என்ற கேள்விகள் எழும்போதுதான், தாம் எந்தச் சட்டத்தின் கீழ் வேலை செய்கிறோம் என்பதே தெரியாமல் திகைக்க நேரிடுகிறது.

வெளிநாட்டு நிறுவனம் இந்தியாவில் ஊழியரை அமர்த்திக்கொள்ள மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, இங்கே துணை நிறுவனம் ஒன்றைப் பதிவு செய்து நேரடியாக வேலை அளிப்பது. இரண்டாவது, 'எம்ப்ளாயர் ஆஃப் ரெக்கார்டு' எனப்படும் இந்திய இடைநிலை நிறுவனத்தின் ஊதியப் பட்டியலில் ஊழியரைச் சேர்த்து, அவரிடம் வேலை வாங்கிக்கொள்வது. மூன்றாவது, ஊழியர் என்றே சொல்லாமல், 'சுயேச்சை ஒப்பந்ததாரர்' என்ற பெயரில் மாதந்தோறும் கட்டணம் அனுப்புவது.

முதல் வழி செலவு மிகுந்தது. இரண்டாவது வழியில், சட்டத்தின் பார்வையில் வேலை அளிப்பவர் யார் என்பது ஏட்டில் தெளிவாக இருக்கும். மூன்றாவது வழியே எளிது என்பதால் பலர் அதை நாடுகின்றனர். சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது.

ஒப்பந்தத்தில் ஒருவருக்குச் சூட்டப்படும் பெயர் மட்டுமே அவர் யார் என்பதைத் தீர்மானித்துவிடாது. சௌராஷ்டிரத்தின் தாராங்கதாரா ரசாயன ஆலை வழக்கில் உச்சநீதிமன்றம் 1956-ஆம் ஆண்டிலேயே இதைத் தெளிவுபடுத்தியது. அங்கே உப்பளப் பாத்திகளில் வேலை செய்த அகரியாக்களுக்கு வேலை நேரம் வரையறுக்கப்படவில்லை. விளைந்த உப்பின் எடைக்கேற்பக் கூலி. உதவிக்கு ஆள்களை அவர்களே வைத்துக்கொள்ளவும் முடிந்தது. எனவே, அவர்கள் ஒப்பந்ததாரர்களே என்றது நிர்வாகம். வேலை எப்படி நடக்க வேண்டும் என்று மேற்பார்வையிட்டுக் கட்டுப்படுத்தும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதை அளவுகோலாகக் கொண்டு, அவர்களும் தொழிலாளர்களே என்ற முடிவை நீதிமன்றம் ஏற்றது.

உப்பளத்துக்கு வகுக்கப்பட்ட அளவுகோல் கணினித் திரைக்கும் பொருந்தும். வேலையைத் தொடங்கும் நேரம், பயன்படுத்தும் கருவி, விடுப்புக்கான அனுமதி ஆகிய அனைத்தையும் நிறுவனமே தீர்மானித்து, வேறு எவருக்கும் வேலை செய்யக் கூடாது என்றும் நிபந்தனை விதிக்குமானால், ஒப்பந்ததாரர் என்ற பெயர் வழக்கில் நிலைக்காமல் போகலாம். 'பிரான்ஸ் நாட்டுச் சட்டமே பொருந்தும்' என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்ப்பதால், இந்தியத் தொழிலாளர் சட்டங்கள் தரும் அடிப்படைப் பாதுகாப்பு அகன்றுவிடாது. நிறுவனத்தின் சார்பில் ஒப்பந்தங்களை முடிக்கும் அதிகாரமும் அந்த ஊழியருக்கு இருக்குமானால், நிறுவனத்துக்கு இங்கே நிலையான அமைவிடம் இருப்பதாகக் கருதி வருமான வரித் துறை வரி கோரவும் கூடும்.

அந்தப் பாதுகாப்பு எத்தகையது? வருங்கால வைப்பு நிதிக்கு ஊழியரும் நிறுவனமும் பொதுவாகத் தலா 12 சதவீதம் செலுத்த வேண்டும். முதல் இரு பிரசவங்களுக்கு 26 வாரங்கள் ஊதியத்துடன் கூடிய விடுப்பு உண்டு. நிரந்தர ஊழியர் ஐந்து ஆண்டுகள் பணியாற்றினால், ஆண்டுக்கு 15 நாள் ஊதியம் என்ற கணக்கில் பணிக்கொடை பெறலாம். 'தொழிலாளி' என்ற வரையறைக்குள் வருபவர் ஓராண்டு தொடர்ந்து பணியாற்றியிருந்தால், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கான ஊதியமோ தராமல், இழப்பீடும் வழங்காமல் அவரை ஆள்குறைப்பு செய்ய முடியாது. எந்த நேரத்திலும் காரணமின்றி வேலையை விட்டு நீக்கும் அமெரிக்க வழக்கத்தை இங்கே அப்படியே பின்பற்ற இயலாது.

29 சட்டங்களை ஒருங்கிணைத்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. பணி நியமனக் கடிதம் வழங்குவதை அவை வலியுறுத்துகின்றன. குறித்த கால ஒப்பந்தத்தில் பணியாற்றுவோர் பணிக்கொடைக்காக ஐந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதில்லை, ஓராண்டு போதும்.

இங்கே கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. வைப்பு நிதி 20 பேர் பணிபுரியும் நிறுவனங்களுக்கே கட்டாயம். கடைகள், அலுவலகங்களைப் பொருத்தவரை பிரசவ காலப் பயன்களுக்குப் பத்துப் பேர் என்பது வரம்பு. எனவே, வெளிநாட்டு நிறுவனம் சாரத்தில் ஒரே ஒருவரை நேரடியாக வேலைக்கு அமர்த்தினால், ஊழியர் என்ற தகுதி இருந்தும் இந்தப் பயன்கள் அவருக்குச் சட்டப்படி எட்டாமல் போகலாம். பலரைப் பணியில் வைத்திருக்கும் இடைநிலை நிறுவனத்தின் பட்டியலில் அவர் இருந்தால் நிலைமை வேறு. இல்லையெனில், வைப்பு நிதியில் விருப்பத்தின்பேரில் சேர்வதையும் பிரசவ விடுப்பையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டும்.

இந்தியாவிலிருந்து ஊழியரைப் பிரான்ஸுக்கு அனுப்பும் நிறுவனத்துக்கும் இதே நெறிதான். அங்கே பணிபுரியும் காலத்தில், அந்நாட்டின் குறைந்தபட்ச ஊதியம், வேலை நேரம் குறித்த விதிகளுக்கு அது கட்டுப்பட்டாக வேண்டும். அதே நேரத்தில், இரு நாடுகளிலும் சமூகப் பாதுகாப்புச் சந்தா செலுத்தும் இரட்டைச் சுமையை, 2011 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள இந்திய-பிரான்ஸ் ஒப்பந்தம் நீக்கியிருக்கிறது. வருங்கால வைப்பு நிதி அமைப்பிடம் அதற்கான சான்றிதழைப் பெற்றுச் செல்ல வேண்டும்.

ஆகவே, கையொப்பமிடுவதற்கு முன்பு சில கேள்விகளைத் தயங்காமல் கேட்க வேண்டும். ஏட்டில் எனக்கு வேலை அளிப்பவர் யார்? நியமனக் கடிதம் தருவது யார்? வைப்பு நிதிக் கணக்கு உண்டா? விலக்குவதானால் எத்தனை நாள் முன்னறிவிப்பு? இவற்றுக்கு எழுத்து வடிவில் பதில் தர மறுக்கும் நிறுவனம், எவ்வளவு ஊதியம் தந்தாலும் நம்பத்தக்கதல்ல.

சட்டத்தை மதித்து ஆள் சேர்ப்பதற்காக நிறுவனம் செய்யும் செலவு, பிற்காலத்தில் வழக்குக்கும் வரிக்கும் ஆகும் செலவைவிடக் குறைவானதே. தொழிலாளர் துறையும், ஒருவராக வீட்டிலிருந்து வேலை செய்வோரைத் தன் பார்வைக்குள் கொண்டுவர வேண்டும். 1936-இல் உரிமை கேட்டவர்கள் ஆலை வாயிலில் ஒன்றுகூட முடிந்தது. மாடியறையில் தனித்திருக்கும் இன்றைய ஊழியருக்கு அந்த வாயிலும் இல்லை. கையிலுள்ள ஒப்பந்தத் தாள் மட்டுமே அவருக்குத் துணை.